படகுக் கழிவறை: வாங்குமுன் ஒரு கேள்வி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கழிவறையைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. விசையை அழுத்தினால் தண்ணீர் பாய்கிறது. எல்லாம் கண்ணுக்கு மறைந்து விடுகிறது. எந்தக் குழாய் வழியே போகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்க வேண்டிய தேவையே வருவதில்லை. ஆனால், படகையே வீடாக்கிக் கொண்டவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் கழிப்பதெல்லாம் அவர்களோடுதான் பயணம் செய்கிறது. என்றாவது ஒரு நாள் அதைக் கையில் தூக்கிக் கொண்டு போய் எங்காவது சேர்த்தாக வேண்டும்.

அந்தப் படகுவாசிகளில் பலர் இப்போது மக்கு உரக் கழிவறையை நாடுகிறார்கள். தண்ணீர் வேண்டாம், இரசாயனம் வேண்டாம், கழிவு உரமாகி விடும் என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்கின்றன. இது எவ்வளவு தூரம் உண்மை? வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இங்கிலாந்துக் கால்வாய்களில் நடந்ததை வைத்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதே இந்த உரையின் நோக்கம்.

தண்ணீர் மேல் குடித்தனம்

18ஆம் நூற்றாண்டு முதல் வெட்டப்பட்ட கால்வாய்கள் இங்கிலாந்து நாடெங்கும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றிச் சென்ற அந்த நீர்வழிகளில் இன்று சரக்குப் படகுகள் அரிது. 2012ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற கால்வாய், ஆற்று அறக்கட்டளை இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரித்து வருகிறது. அங்கே உரிமம் பெற்ற படகுகள் சுமார் 35,000. அவற்றில் பல, விடுமுறையில் மட்டும் ஓட்டும் படகுகள் அல்ல. ஆண்டு முழுவதும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். லண்டன் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் படகுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

படகை ஏற்றி இறக்கும் மதகுகள் அந்தக் காலத்தில் குறுகலாகக் கட்டப்பட்டதால், இந்தப் படகுகளில் பெரும்பாலானவற்றின் அகலம் 7 அடியைத் தாண்டுவதில்லை. நீளம் மட்டும் 70 அடி வரை போகும். ஒரு பேருந்தைவிடக் குறுகலான இடத்தில் சமையல், படுக்கை, குளியல், கழிவறை அத்தனையும் அடங்க வேண்டும்.

இங்கே குடியிருப்பவர்கள் இரு வகை. கரையில் நிரந்தரமாகப் படகு கட்ட இடம் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அப்படி இடம் இல்லாதவர்கள் மற்றொரு வகை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இடம் இல்லாதவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நகர்ந்து கொண்டே இருக்க வேண்டும். கழிவறை விவகாரத்தில் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

கால்வாய்ப் படகில் கழிவறைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, படகின் அடியில் பெரிய தொட்டி வைப்பது. பல வாரங்களுக்குக் கவலை இல்லை. தொட்டி நிறைந்தால் இயந்திரம் உள்ள நிலையத்துக்குப் படகைக் கொண்டு போய்ப் பணம் கட்டி உறிஞ்சி எடுக்கச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து போனாலோ, பழுதுபார்ப்பதற்காக மதகுகள் மூடப்பட்டாலோ சிக்கல் வந்து விடும். தொட்டியும் நிறைந்திருக்கும், படகும் நகராது.

இரண்டாவது, கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி. ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும். இருவருக்கு மூன்று நாள் அளவில் தாங்கும். நிறைந்ததும் அதைத் தள்ளுவண்டியில் வைத்து, கரையோரம் உள்ள 'எல்சன்' எனப்படும் கழிவு ஊற்றுமிடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். நிறைந்த பெட்டி 20 கிலோ கனக்கும். வேலை அருவருப்பானதுதான். ஆனால், படகு நகராவிட்டாலும் மனிதன் நடந்து போய்க் கொட்டலாம். உரிமம் பெற்றவர்களுக்கு அறக்கட்டளையின் ஊற்றுமிடங்களில் தனிக் கட்டணமும் இல்லை.

மூன்றாவதுதான் மக்கு உரக் கழிவறை.

பாதிரியாரின் மண் வாளி

இது புதிய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. 1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் தேம்ஸ் ஆறு சாக்கடையாக நாறியது; வரலாற்றில் அதற்குப் 'பெருநாற்றம்' என்றே பெயர். அந்தக் காலத்தில் டோர்செட் மாவட்டத்தில் ஹென்றி மௌல் என்ற பாதிரியார் வாழ்ந்து வந்தார். காலரா தம் ஊர் மக்களை வாட்டியதை நேரில் கண்டவர் அவர். கழிவைத் தண்ணீரில் கலக்காமல் உலர்ந்த மண்ணால் மூடினால் நாற்றம் அடங்கி, சில வாரங்களில் அது அடையாளம் தெரியாமல் மண்ணோடு மண்ணாகி விடுவதைக் கண்டார். 1860ஆம் ஆண்டில் மண் கழிவறைக்குக் காப்புரிமையும் பெற்றார். கைப்பிடியை இழுத்தால் மேலிருந்து மண் கொட்டும். அவ்வளவுதான்.

பாதிரியாரிடம் ஒரு வசதி இருந்தது. அவரிடம் நிலம் இருந்தது. மண்ணோடு மண்ணான கழிவைத் தோட்டத்தில் போட முடிந்தது. படகில் இருப்பவருக்கு அந்த நிலம் எங்கே?

பெயரில் ஒரு மயக்கம்

படகுக் கழிவறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போர் முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். இதன் உயிர்நாடி மக்க வைப்பது அல்ல; பிரிப்பது. இருக்கையின் முன்பகுதியில் உள்ள சரிவு சிறுநீரை ஒரு குப்பிக்கு அனுப்புகிறது. மலம் பின்னால் உள்ள வாளியில் விழுகிறது. இரண்டும் சேரக் கூடாது. சேர்ந்தால், மலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரில் உள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றி விடும். மூக்கைத் துளைக்கும் நாற்றத்திற்கு முக்கியக் காரணம் அதுதான். பிரித்து வைத்து, சிறிய மின்விசிறியால் காற்றை வெளியே இழுத்தால் நாற்றம் பெரும்பாலும் அடங்கி விடும். ஈர மண் வாசனைதான் மிஞ்சும் என்று பயன்படுத்துவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால், வாளியில் இருப்பது உரமா? அல்ல. இருவர் பயன்படுத்தும் வாளி ஒரு மாத அளவில் நிறைகிறது என்று வைத்துக் கொள்வோர் யோசித்துப் பார்க்கட்டும். அடியில் இருப்பதற்கு வயது ஒரு மாதம். மேலே இருப்பது இன்று காலையில் விழுந்தது. கொட்டப் போகும் நாளில் அந்த வாளியில் பச்சைக் கழிவு இருந்தே தீரும். அதிலிருந்து காய்ந்த நிலையும் மங்கிய நாற்றமும் ஆளை ஏமாற்றி விடும்.

உண்மையான உரமாக வேண்டுமானால் காற்று, ஈரம், வெப்பம் மூன்றும் வேண்டும். உரக் குவியல் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, குறைந்தது ஒரு வாரமாவது அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் சாகும். அந்தச் சூட்டைத் தக்க வைக்க ஒரு கன மீட்டர் அளவுக்காவது குவியல் பெரிதாக இருப்பது நல்லது. 20 லிட்டர் வாளி, அதுவும் இங்கிலாந்துக் குளிரில், அந்தச் சூட்டை எட்டவே எட்டாது.

சூடேற்றாமல் நீண்ட நாள் வைத்திருந்தும் பாதுகாப்பாக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, 2 முதல் 20 பாகை வெப்பநிலை உள்ள இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை சேமித்து வைக்கச் சொல்கிறது. வெப்ப நாடுகளில்கூட ஓர் ஆண்டுக்கு மேல் ஆக வேண்டும். மாதம் ஒரு வாளி என்றால் இங்கிலாந்தில் 18 முதல் 24 வாளிகள்! கழிவு வற்றிச் சுருங்கும், இரண்டு வாளிகளை ஒன்றாக்கலாம் என்று வைத்துக் கொண்டாலும், 7 அடி அகலப் படகில் அவற்றை எங்கே அடுக்குவது?

2021இல் விழுந்த அடி

அப்படியானால் மக்கள் என்ன செய்தார்கள்? பலர் வாளியில் இருந்ததைப் பையில் கட்டி, கால்வாய்க் கரையில் இருந்த பொதுக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். சிலர் இருந்த காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. இத்தகைய கழிவறை பரவப் பரவ, தொட்டிகளில் பைகள் பெருகின. குப்பை அள்ளும் தரப்பிலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. 2021ஆம் ஆண்டின் இறுதியோடு, இனி இந்தக் கழிவைத் தனது தொட்டிகளில் போடக் கூடாது என்று அறக்கட்டளை தடை விதித்தது. அதை எல்சன் ஊற்றுமிடத்திலும் கொட்ட முடியாது. கலந்திருக்கும் நாரும் மரத்தூளும் குழாயை அடைத்து விடும்.

படகுவாசிகள் கொதித்தார்கள். குழந்தையின் அணையாடையைக் குப்பையில் போடலாம், நாயின் கழிவைப் போடலாம், இதை மட்டும் போடக் கூடாதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீரையும் இரசாயனத்தையும் மிச்சப்படுத்தி நல்லது செய்கிறோம் என்று நம்பி வாங்கியவர்கள் அவர்கள். அதே வேளையில் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பை கிழிந்தால் அதன் முன்னே நிற்பவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. யாரோ ஒருவரின் பச்சைக் கழிவை அவர் ஏன் கையாள வேண்டும்?

இந்தத் தடையால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நிரந்தர இடம் இல்லாமல் நகர்ந்து கொண்டே இருப்பவர்கள்தாம். கரையில் தோட்டம் இருப்பவர் உரப் பெட்டி வைத்துத் தப்பித்துக் கொண்டார். மற்றவர்களில் சிலர் பழைய பெட்டிக் கழிவறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. வாங்கும்போது எல்லாரும் இருக்கையைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள். வாளியை எங்கே கொட்டுவது என்பதை மட்டும் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விட்டார்கள். ஆழம் பார்த்துக் காலை விட வேண்டும் என்று பெரியோர் சொன்னது படகுக்காரருக்கு இன்னும் பொருந்தும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆகவே, வாங்க நினைப்பவர் கேள்விகளைத் தலைகீழாக அடுக்க வேண்டும். கடைசிக் கேள்வி முதலில் வர வேண்டும்.

முதல் கேள்வி: வாளி எங்கே போகும்? சொந்தத் தோட்டமோ, படகுத் துறையில் உரப் பெட்டி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதியோ, வாளியைப் பெற்றுக் கொண்டு உரமாக்கும் சேவையோ இருக்க வேண்டும். இத்தகைய சேவைகள் சில இடங்களில் மட்டுமே இருக்கின்றன. மூன்றும் இல்லை என்றால் அந்தப் படகுக்கு இந்தக் கழிவறை பொருந்தாது. மற்ற கேள்விகளைக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: எத்தனை பேர்? இங்கே மலத்தைவிடச் சிறுநீர்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கழிக்கிறார். இருவருக்கு மூன்று லிட்டர். குப்பியின் கொள்ளளவு 8 லிட்டர் என்றால் மூன்று நாள்கூடத் தாங்காது. விருந்தினர் வந்தால் ஒன்றரை நாள்தான். உபரிக் குப்பி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை எல்சன் ஊற்றுமிடத்தில்தான் ஊற்ற வேண்டும். கால்வாயில் ஊற்றக் கூடாது. சிறுநீரில் உள்ள நைட்ரஜன் தேங்கிய நீரில் பாசியை வளர்க்கும். கழிவறை உலர்ந்ததாக இருந்தாலும் ஊற்றுமிடத்திற்கு நடப்பது நிற்காது என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை.

மூன்றாவது கேள்வி: யார் பயன்படுத்துவார்கள்? ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முன்பின் இடம் தவறும்; சில வகைகளுக்குப் பிள்ளைகளுக்கென்று தனி இருக்கை கிடைக்கிறது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் வாளி ஈரமாகி விடும். கூடுதல் தூள் கையிருப்பில் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மனமில்லாமல் பயன்படுத்தினாலும் இந்த ஏற்பாடு தோற்று விடும். எனவே, வாங்குமுன் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது.

நான்காவது கேள்வி: படகில் இடம் இருக்கிறதா? இருக்கையின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. வாளியை வெளியே எடுக்க மேலே எவ்வளவு உயரம் வேண்டும், குப்பியை இழுக்க முன்னே எவ்வளவு இடம் வேண்டும், கலக்கும் கைப்பிடியைச் சுற்றப் பக்கத்தில் இடம் இருக்கிறதா, காற்றுக் குழாயைக் கூரை வழியே எங்கே விடுவது என்று எல்லாவற்றையும் அளக்க வேண்டும். விசிறி மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுத்துக் கொள்ளும். 12 வோல்ட் மின்கலத்தில் இரவு பகலாக ஓடலாம். அதை நிறுத்தினால் நாற்றமும் பூச்சியும் வரும்.

சந்தையில் கிடைப்பவை

சந்தையில் பெயர் பெற்றவற்றுள் 'நேச்சர்ஸ் ஹெட்', 'ஏர் ஹெட்' இரண்டும் அமெரிக்கத் தயாரிப்புகள். கடல் படகுகளை மனத்தில் வைத்து உருவானவை. தரையோடு இறுக்கிப் பொருத்தலாம். இவற்றின் வாளியில் முதலிலேயே தேங்காய் நார்த்தூளை ஈரப்படுத்திப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கைப்பிடியைச் சுற்றிக் கலக்கினால் கழிவு தூளுக்குள் மறைந்து விடும். விலை 1,000 பவுண்டை ஒட்டி வரும். ரிங்கிட்டில் ஐயாயிரத்துக்கும் மேல்.

'செப்பரெட்' சுவீடன் நாட்டுத் தயாரிப்பு. அதன் 'வில்லா' வகையில் தூள் தேவையில்லை. வாளிக்குள் பை இருக்கும், விசிறி காற்றே கழிவை உலர்த்தும். சிறுநீரைக் குழாய் வழியே வேறிடத்தில் உள்ள பெரிய தொட்டிக்கு அனுப்பலாம். மூன்று நாளுக்கொரு முறை குப்பி சுமக்க விரும்பாதவர்களுக்கு இது வசதி. ஆனால், அந்தத் தொட்டிக்கும் இடம் வேண்டும். நிறைந்தால் அதையும் காலி செய்ய வழி வேண்டும்.

கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் தாங்களே செய்து கொள்கிறார்கள். பலகைப் பெட்டி, பிரிக்கும் தட்டு, ஒரு குப்பி, மூடியுள்ள இரண்டு மூன்று வாளிகள். பயன்படுத்தியதும் ஒரு கை மரத்தூள் போட்டு மூட வேண்டும். விலையுயர்ந்த கழிவறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு அதிகம் இல்லை. ஒரே அளவு வாளிகளை மூடியோடு மாற்றி மாற்றி வைக்க முடிவதால், சேமித்து வைக்க இடம் உள்ளவர்களுக்கு இதுவே வசதியாக அமைவதும் உண்டு.

இந்தத் தேங்காய் நார்த்தூளைப் பற்றி ஒரு சுவையான செய்தி. மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் இந்தத் தூள், ஒரு காலத்தில் குப்பையாகக் குவிந்து கிடந்தது. இன்று தமிழகத்தின் பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் அழுத்திய கட்டிகளாகக் கப்பலேறுகிறது. 650 கிராம் கட்டியைத் தண்ணீரில் போட்டால் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்கு உப்பும். தென்னந்தோப்பில் கழிவாகக் கிடந்த பொருள், குளிர் நாட்டுப் படகுகளில் இப்படிக் கைகொடுக்கிறது.

கையில் உறை, மனத்தில் கவனம்

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாளியைக் கையாளும்போது கையுறை அணிய வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் பாத்திரம் கழுவும் தொட்டியில் குப்பியைக் கழுவக் கூடாது. வாளியில் எந்த நாளில் மூடினோம் என்று தேதி எழுதி ஒட்ட வேண்டும். மூடியபின் அதில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் காத்திருந்த மாதங்கள் வீண். சொன்ன காலம் முழுவதும் காத்திருந்து உரமானாலும், கீரைக்கும் காய்கறிக்கும் போடாமல் பூஞ்செடிக்கும் மரத்துக்கும் போடுவதே விவேகம்.

நேயர்களே, கால்வாயில் இருக்கும் இருவகைக் குடும்பங்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கரையில் இடமும் தோட்டமும் உள்ள குடும்பம், மூடியுள்ள வாளிகளும் உரப் பெட்டியும் வைத்துக் கொண்டு, பொறுமையோடு இரண்டு ஆண்டு காத்திருக்கலாம். அவர்களுக்கு மக்கு உரக் கழிவறை அருமையான தேர்வு. பதினான்கு நாளுக்கொரு முறை இடம் மாறும் குடும்பத்திற்கு, உரம் எடுக்கும் சேவை எட்டும் தூரத்தில் இல்லை என்றால், 20 லிட்டர் பெட்டிகள் இரண்டும் ஒரு தள்ளுவண்டியுமே பொருத்தமான தேர்வு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தன் கழிவைத் தானே கொண்டு போய் உரிய இடத்தில் சேர்ப்பவர், அடுத்தவர் கையில் அதை விடாதவர்.

கடைக்குப் போகுமுன் கால்வாய்க் கரையோரம் ஒரு நடை போய், வாளியைக் கொட்டப் போகும் இடத்தை முதலில் பார்த்து வந்து விட்டால், எந்தக் கழிவறை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்து விடும்.